மிதக்கும் இரும்பு: புயல் நாளும் சமையல் எரிவாயுவும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து அது ஓயும் டிசம்பர் இறுதி வரை, தமிழகத்தின் கடலோர மாவட்டங்களில் புயலுக்கு ஆயத்தமாவது ஏறக்குறைய ஒரு சடங்காகவே நடந்துவருகிறது. மேல்நிலைத் தொட்டி நிரப்பப்படுகிறது, கைப்பேசிக்கு மின்னேற்றப்படுகிறது, தெருமுனைக் கடையில் பால் பாக்கெட்டும் ரொட்டியும் மாலைக்குள் தீர்ந்துபோகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்பாக, வாங்கி வைக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரத் தொடங்குகிறது. மெழுகுவத்தி, தீப்பெட்டி, சிலிண்டர் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதி, இடையிடையே ஒரு காற்புள்ளியை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடும் அந்தப் பட்டியல்தான் இக்கட்டுரை எழுவதற்குக் காரணம். (ஒரு காற்புள்ளி அவ்வளவு பெரிய பாதுகாப்பு இடைவெளி அன்று.)

முறையாகக் கையாளப்படும் வரை சமையல் எரிவாயு அடங்கி நடக்கும் எரிபொருளே என்பதில் ஐயமில்லை. அதை அடக்கி வைத்திருப்பவையாக இல்லத்தார் பெரும்பாலும் மூன்றை நம்புகின்றனர்: சிலிண்டர் கனமானது, ஆகையால் வைத்த இடத்தை விட்டு நகராது, கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும், நாற்றம் வந்தால் சன்னலைத் திறந்துவிட்டால் போதும். ஆண்டின் பதினொரு மாதங்களுக்கு இம்மூன்று நம்பிக்கைகளும் பொய்ப்பதில்லை. பன்னிரண்டாவது மாதத்தில் ஓர் இரவுக்குள் மூன்றையும் தலைகீழாக்கிவிடுவதே புயலின் இயல்பு என்பதையும், அந்த இரவில் தேவைப்படுவது கூடுதல் துணிவு அன்று, கூடுதல் கணக்கு என்பதையும் இனி வருவன விளக்கும்.

அரசாணைகளில் எரிவாயு உருளை என்றும் அடுக்களைகளில் சிலிண்டர் என்றும் வழங்கப்படும் கலத்தினுள் இருப்பது உண்மையில் வாயு அன்று, நீர்மம். புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரு ஹைட்ரோகார்பன்களின் கலவை அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டு அதில் நிரப்பப்படுகிறது. புரோப்பேன் ஏறத்தாழ மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பியூட்டேனோ சுழியத்துக்குச் சற்றே கீழேதான் கொதிக்கும். ஆதலால் பனி உறையும் அமெரிக்கக் குளிர்காலத்தில் வீட்டுக்கு வெளியே நிற்கும் தொட்டிகளில் பெரும்பாலும் புரோப்பேனே நிரப்பப்படுகிறது. வெப்ப நாடான இந்தியாவுக்கோ கலவையே போதுமானதாக இருக்கிறது. சிலிண்டரின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான் நீர்மம். எஞ்சிய இடம், வெயிலில் நீர்மம் விரிந்தாலும் கலம் தாங்கும்படி ஆவிக்காக விடப்பட்டிருப்பது. இந்தக் காலி இடத்தை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் முதல் நம்பிக்கையைக் கவிழ்ப்பது அதுவே.

வீட்டுக்கு வரும் சிலிண்டரில் உள்ள எரிவாயுவின் எடை 14.2 கிலோ; வெற்றுக்கலத்தின் எடை கலத்துக்குக் கலம் சிறிது மாறி, ஏறத்தாழ 15 முதல் 16 கிலோ வரை இருக்கும் (அந்தந்தக் கலத்தின் சரியான எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்). ஆக, நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வருபவரின் மூச்சிரைப்பைக் கேட்ட எவரும் அது மிதக்கும் பொருள் என்று கருதமாட்டார். ஆனால் அதன் உட்கொள்ளளவு 33 லிட்டருக்குச் சற்று அதிகம், கலத்தின் எஃகு மட்டும் அடைத்துக்கொள்ளும் இடம் மேலும் 2 லிட்டர் அளவு என்பதால், நீரில் முழுதும் அமிழ்த்தப்பட்டால் அது 35 லிட்டர் நீரை இடம்பெயர்க்கிறது. இடம்பெயர்க்கும் நீரின் எடை 35 கிலோ, சிலிண்டரின் எடை 30 கிலோ என்றால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது மிதந்தே தீர வேண்டும். ஆகவே அன்று காலையில்தான் வந்திறங்கிய, முத்திரை பிரிக்காத சிலிண்டரும் மிதக்கும். தீர்ந்துபோனதோ நீச்சல் பழகுபவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சுரைக்குடுக்கை போல மிதக்கும். தரையில் முழங்காலளவு நீர் தேங்கியவுடனேயே காலிச் சிலிண்டர் தரையை விட்டு எழும்பத் தொடங்கிவிடும் என்பதும், இடுப்பளவு நீரில் நிறைந்ததும் அதைத் தொடரும் என்பதும் இந்தக் கணக்கின் நேரடி விளைவுகள்.

(அமெரிக்காவின் பெருந்தொட்டிகளும் இந்த விதிக்கு விலக்கானவை அல்ல. 500 கேலன், அதாவது ஏறத்தாழ 1,890 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று வழக்கமான அளவுக்கு நிரப்பப்பட்டிருந்தாலும், அதன் மொத்த எடை அது இடம்பெயர்க்கும் நீரின் எடையைவிடப் பல நூறு கிலோ குறைவு. அதனால்தான் வெள்ள அபாயமுள்ள பகுதிகளில் அத்தகைய தொட்டிகளைக் காங்கிரீட் தளத்தோடு உலோகப் பட்டைகளால் பிணைத்து வைக்கும் வழக்கம் அங்கே இருக்கிறது. அங்கே தொட்டிக்குப் பட்டை, இங்கே சிலிண்டருக்குக் கயிறு, காரணம் ஒன்றே.)

மிதப்பதே ஆபத்தா என்று கேட்கலாம். வால்வு மூடப்பட்டு, மேலே மூடியும் இடப்பட்டு மிதக்கும் சிலிண்டர் பெரும்பாலும் கதவில் இடித்து ஒலியெழுப்பி அச்சுறுத்துவதோடு நின்றுவிடும். ரெகுலேட்டரும் ரப்பர் குழாயும் பொருத்தப்பட்ட நிலையிலேயே அது எழும்பினால்தான் தொல்லை. குழாயின் மறுமுனை மேடைமேலுள்ள அடுப்போடு பிணைக்கப்பட்டிருப்பதால், நீர் சிலிண்டரை ஒருபுறம் இழுக்க, குழாய் மறுபுறம் இழுக்கிறது; அடுப்பு சரியலாம், இணைப்பு பிய்ந்து கழன்றுவிடலாம், சிலிண்டர் பக்கவாட்டில் சாயலாம். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரின் வால்வு வழியே வெளிவருவது ஆவி. படுத்துவிட்டால் அதே வால்வு வழியே நீர்மமே வெளிப்படும். ஒரு லிட்டர் நீர்மம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதை எண்ணிப்பார்த்தால், சிலிண்டரை எந்நிலையிலும் நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்ற அறிவுரை வெறும் ஒழுங்குமுறை அன்று என்பது புலப்படும்.

இரண்டாவது நம்பிக்கை மணத்தைப் பற்றியது. புரோப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயல்பில் சொல்லத்தக்க மணம் கிடையாது. அழுகிய முட்டைக்கோசையோ பூண்டையோ நினைவூட்டும் அந்த நாற்றம், கந்தகம் அடங்கிய எத்தில் மெர்காப்டன் என்னும் சேர்மத்தைக் காவல்நாய் போல வேண்டுமென்றே கலப்பதால் வருவது. காற்றில் எரிவாயு 2 விழுக்காடு அளவை எட்டினால்தான் தீப்பற்றும் என்பதால், அதற்கு வெகு முன்னதாகவே மூக்குக்கு எட்டும்படி இது கலக்கப்படுகிறது. ஆனால் வெள்ளம் புகுந்த வீட்டில் சாக்கடை நீரும் கழிவுநீர்த் தொட்டியின் வழிவும் அழுகிய குப்பையும் ஒன்றாகி எழுப்பும் நாற்றத்திலும் கந்தகச் சேர்மங்களே மேலோங்கி நிற்கின்றன; திருடனும் காவலனும் ஒரே சட்டை அணிந்துவிட்டால் தெருவார் யாரைப் பிடிப்பர்? போதாக்குறைக்கு, ஒரே நாற்றத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு சிறிது நேரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மழைக்கால நீர்க்கோவையில் அடைத்த மூக்கும், முதியோரின் மங்கிய மோப்பமும் வேறு. ஆகவே, புயலுக்குப் பின் வீடு திரும்புவோர் ‘வாடை ஒன்றும் வரவில்லை’ என்பதைச் சான்றாகக் கொள்ளாமல், குழாயின் இரு முனைகளிலும் ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதே ஏற்கத்தக்க சோதனை. (தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிப் பார்க்கும் பழைய சோதனையும் துல்லியமானதுதான், அதன் முடிவை எழுதி வைக்க ஆள் மிஞ்சுவது மட்டும் உறுதியன்று.)

மூன்றாவதான காற்றோட்டத்தில்தான் பெரும்பாலோர் அறியாமலே தவறிவிடுகின்றனர். எரிவாயுவின் ஆவி காற்றைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. எனவே அது புகையைப்போல மேலே எழாமல், சிந்திய எண்ணெயைப்போலத் தரையில் பரவி, தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடுகிறது. சாதாரண நாளில் அது வெளியேறும் வழிகள் இரண்டு: வாயிற்படிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள விரலளவு இடுக்கு, அடுக்களைத் தரையைக் கழுவிவிடும் மூலையிலுள்ள ஜலதாரை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் இல்லத்தார் முதலில் அடைப்பவையும் இவ்விரண்டே. தெருநீர் உள்ளே வராதிருக்க வாயிற்படியில் மணல் மூட்டையும் பழைய கோணியும், சாக்கடை நீர் எதிரேறாதிருக்க ஜலதாரையில் துணிப்பந்தும் திணிக்கப்படும்போது, நீருக்கு வழி அடைபட்ட அதே கணத்தில் எரிவாயுவுக்கும் வழி அடைபடுகிறது. சன்னலைத் திறப்பதால் தரையில் தேங்கிய கனத்த வாயு எளிதில் கலைவதில்லை. அன்றியும், சாரல் அடிக்கும் இரவில் சன்னலைத் திறக்கப்போகிறவர் யார்?

இதன் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்தடி நீளமும் எட்டடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அடுக்களையின் கன அளவு ஏறத்தாழ 23 கன மீட்டர். அதன் காற்று முழுவதும் தீப்பற்றும் நிலையை எட்ட ஒரு கிலோ அளவு எரிவாயு சீராகக் கலந்தாலே போதும், அதாவது ஒரு சிலிண்டரில் பதினான்கில் ஒரு பங்கு. வாயு சீராகக் கலக்காமல் கணுக்கால் மட்டத்திலேயே தேங்குவதால், அந்த மட்டத்தில் தீப்பற்றுவதற்கு இதிலும் மிகக் குறைந்த அளவே போதுமானது. ‘சிலிண்டர் வெடித்தது’ என்று செய்தித்தாள்கள் எழுதும் விபத்துகளில் பலவற்றில் வெடிப்பது கலம் அன்று. கசிந்து அறையில் தேங்கிய வாயுவே.

இந்நிலையில் தீப்பொறி எங்கிருந்து வரும் என்ற வினாவுக்குத் தமிழக வீடுகள் இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கின்றன. முதலாவது விளக்கு. கார்த்திகை தீபம் புயல் பருவத்தின் நடுவிலேயே வருகிறது. அகல்கள் வரிசையாக ஏற்றப்படுவதும் தரையில்தான், பெரும்பாலும் வாயிற்படியோரம், கனத்த வாயு வெளியேறும் அதே பாதையில்தான். சிறு வீடுகளில் சாமி மாடமும் அடுக்களைக்குள்ளேயே அமைந்துவிடுகிறது. மின்தடையின்போது இவற்றோடு மெழுகுவத்தியும் கொசுவத்திச் சுருளும் சேர்கின்றன. விளக்கேற்ற வேண்டாம் என்று எவரும் கூறப்போவதில்லை; சிலிண்டர் இருக்கும் அறையில் இருளைப் போக்கக் கைமின்விளக்கு மட்டும் போதும் என்று கூறுவதில் பிழையும் இல்லை.

இரண்டாவது விடை பலருக்கு வியப்பளிக்கக்கூடியது: திரும்பி வரும் மின்சாரம். புயல் நெருங்கும்போது முன்னெச்சரிக்கையாக மின்வாரியம் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டா சிற்றூர்கள் பல, கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழையில் மூழ்கிய சென்னையின் தாழ்வான பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. ‘கரண்ட் வந்தாச்சு’ என்று தெருவே ஆரவாரிக்கும் அந்தக் கணத்தில், அணைக்க மறந்த மின்விசிறியும் மின்விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் ஒரே நேரத்தில் உயிர்பெறுகின்றன. குளிர்சாதனப் பெட்டியின் இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் சிறு சுவிட்ச், தரைக்கு அருகில், பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. ஆளில்லாத, கதவடைத்த வீட்டில் கசிவும் இருந்துவிட்டால், அதைப் பற்றவைக்க மனிதர் எவரும் தேவையில்லை. ஆகையால் வீட்டை விட்டு முகாமுக்கோ உறவினர் வீட்டுக்கோ செல்வோர் பூட்டைச் சரிபார்ப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைப்பதும், அதற்கும் முன் சிலிண்டரை மூடுவதும் முறை. திரும்பி வருவோர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, விளக்கைப் போடும் பழக்கத்தில் சுவரை நாடும் கையை அடக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்கு வெளியிலேயே ஏற்றிக்கொண்ட கைமின்விளக்கோடு உள்ளே செல்வது முறை.

முன்னேற்பாடு என்பது எனவே மிகச் சிறிய செயல்களின் தொகுப்பே. அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, வால்வின்மேல் மூடியைப் பொருத்தி, காலியும் நிறைந்ததுமான இரு சிலிண்டர்களையும் நிமிர்ந்த நிலையிலேயே சன்னல் கம்பியோடு கயிற்றால் பிணைத்துவைப்பது அதன் மையம். (நிறைந்ததைப் பரணில் ஏற்ற முயல்வது வீண்வேலை, 30 கிலோ இரும்பு தலைக்கு மேல் தடுமாறுவது வெள்ளத்தைவிட அண்மையில் உள்ள ஆபத்து. உறுதியான மேடையோ மாடி வீட்டாரின் காற்றோட்டமான மூலையோ போதும். தாழ்ந்த குழியும் அடித்தளமும் கூடவே கூடாது.) சிலிண்டரின் கைப்பிடியைத் தாங்கும் தகடுகளில் ஒன்றில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் ஈரிலக்க ஆண்டும் எழுதப்பட்டிருக்கும், அவை அக்கலம் மறுசோதனைக்குச் செல்ல வேண்டிய காலாண்டைக் குறிப்பவை. டி என்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டு, அதாவது சரியாகப் புயல் பருவம். கெடு கடந்த சிலிண்டரைப் பெறும்போதே மறுத்துவிடும் உரிமை நுகர்வோருக்கு உண்டு.

கூரை பறந்த வீடுகளில் அடுப்பு திண்ணைக்கோ முற்றத்துக்கோ இடம்பெயர்வதும் உண்டு. இந்திய வீடுகளிலுள்ள அடுப்புகளில் பெரும்பாலானவற்றில், சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு இல்லை. காற்று சுடரை ஊதி அணைத்துவிட்டாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். ஆகவே காற்று வீசும் திண்ணையில் கொதிக்கும் உலையை விட்டு ஒருவர் அகல்வது, வீட்டுக்குள் அகல்வதைவிடப் பிழையானது.

நீர் வடிந்த பின் எழும் சிக்கல்கள் சேற்றோடு தொடர்புடையவை. சிலிண்டரிலுள்ள உயர் அழுத்தத்தை அடுப்புக்கு ஏற்ற அளவுக்குக் குறைப்பது ரெகுலேட்டர். அதனுள் ஒரு மெல்லிய ரப்பர்த் தகடு அசைந்து இதைச் செய்கிறது, அத்தகடு அசைவதற்காக மேலோட்டில் ஒரு நுண்துளை விடப்பட்டிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய ரெகுலேட்டரில் சேறு புகும் வழி அத்துளையே. வெளியே துடைத்து வெயிலில் காயவைத்தாலும் உள்ளே படிந்தது போவதில்லை என்பதால், அதைக் குழாயோடு சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம். வால்வின் நடுவிலுள்ள ஊசியை ஆணியால் அழுத்தி ‘காஸ் இருக்கிறதா’ என்று பார்க்கும் வழக்கமோ இன்னும் கேடானது: ரெகுலேட்டரைப் பொருத்தும்போது அழுந்தித் திறப்பதும், கழற்றும்போது வில்சுருளால் எழும்பி மூடுவதுமான அந்த ஊசியின் அடியில் ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டால், திறந்த வால்வு மீண்டும் முழுமையாக மூடாது. மூழ்கிய சிலிண்டரையும், எங்கிருந்தோ மிதந்துவந்து முற்றத்தில் ஒதுங்கிய உரிமையாளரற்ற சிலிண்டரையும் தொடாமல் முகவரிடம் தெரிவிப்பதும், கசிவு என்று ஐயம் எழுந்தால் வெளியே வந்தபின் 1906 என்ற எரிவாயு அவசர எண்ணையோ தீயணைப்புத் துறையின் 101 ஐயோ அழைப்பதும் ஏற்புடையன.

சேறு அடைத்த பர்னரும் தன் பங்குக்கு ஒரு தீங்கு செய்யக் காத்திருக்கிறது. போதிய காற்று கலந்தால் சுடர் நீலமாக எரியும்; காற்று நுழையும் துளை அடைபட்டால் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி படிந்து, கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவும் உண்டாகிறது. நிறமோ மணமோ இல்லாத இவ்வாயு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு குருதியின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்வதால் தலைவலியும் மயக்கமும் உண்டாகின்றன; அவை களைப்பின் அறிகுறிகளாகவே தவறாகக் கொள்ளப்படுகின்றன. கதவடைத்த அறையில் அடுப்பை எரியவிட்டு ஈரத்துணி உலர்த்துவதும், தரைத்தளம் மூழ்கிவிட்டதென்று ஜெனரேட்டரை மாடிப்படி இடைகழியில் ஏற்றி ஓட்டுவதும் இந்த ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பானவை. 2020இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைத் தாக்கிய லாரா புயலில், காற்றுக்கும் மழைக்கும் தப்பிய பலர் பின்னர் ஜெனரேட்டர் புகையால் இறந்தனர்.

மேலே கூறியவற்றில் பெரும்பொருள் செலவழித்துச் செய்ய வேண்டியது எதுவுமில்லை; ஒரு கயிறு, ஒரு கைமின்விளக்கு, சிறிது சோப்பு நுரை, ஒரு மூடி, அவ்வளவே. அந்த மூடியைப் பற்றி மட்டும் இறுதியாக ஒரு சொல். புதிய சிலிண்டர் வரும்போது நைலான் கயிற்றில் கட்டித் தொங்கும் அந்தச் சிறிய வெள்ளை மூடி, ரெகுலேட்டரைப் பொருத்திய நாளிலேயே பெரும்பாலான வீடுகளில் அறுத்தெறியப்படுகிறது, அல்லது ரப்பர் வளையங்களும் காலாவதியான மாத்திரைகளும் கிடக்கும் இழுப்பறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட மாலையில், மின்சாரமும் போன பிறகு, அந்த இழுப்பறையை மெழுகுவத்தி வெளிச்சத்தில் துழாவிக்கொண்டிருக்கும் வீட்டைவிட, சித்திரை வெயிலிலும் மூடியைச் சிலிண்டரின் கழுத்திலேயே தொங்கவிட்டிருக்கும் வீடு புயலுக்கு ஆயத்தமான வீடு.